அமுதசுரபியும் கூப்பன் புத்தகமும்

மணிமேகலையை வகுப்பிற் படிப்பிக்கும் நாம் ஓரிடத்தை எப்பொழுதும் விரைவாகக் கடந்து விடுகின்றோம். ஆபுத்திரனின் கையில் அமுதசுரபி இருக்கின்றது. அள்ள அள்ளக் குறையாத சோறு அதில் இருக்கின்றது. ஆனால் உண்பதற்கு ஒருவரும் இல்லை. பன்னீராண்டு மழையின்றி வாடிய பாண்டி நாட்டில் இந்திரன் மழையைப் பெய்வித்து விடுகின்றான்; அருளினால் அன்று, ஆபுத்திரன்மீது கொண்ட சினத்தினால். நாடு செழிக்கின்றது. பசித்தோர் நிறைந்திருந்த அம்பலத்தில் வீணரும் சூதாடுவோரும் வந்து அமர்கின்றனர். ஆபுத்திரனோ ஊர் ஊராகச் சென்று, உண்ண வருவார் உண்டோ என வினவித் திரிகின்றான். கண்டோர் அவனை எள்ளி நகையாடுகின்றனர்.

இவ்விடத்தை ஆபுத்திரனின் அருளுள்ளத்துக்குச் சான்றாகக் கூறி அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுவதே எமது வழக்கம். நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். பசியைத் தீர்த்தது பாத்திரமன்று, மழை. பாத்திரம் பசித்தவனை இன்று உண்பித்து நாளையும் வரச் செய்தது; மழையோ அவனைத் தன் வயலுக்குத் திருப்பி அனுப்பிற்று. வயலுக்குத் திரும்பியவனுக்கு அம்பலத்திற் பசியோடு நின்ற நாள்களை நினைக்க விருப்பமில்லை. கொடுத்தவனையும் அவன் மறந்து விடுகின்றான். நன்றிகேடு எனலாமா? எம்மால் அவ்வாறு கூற இயலவில்லை. சாவக நாடு மழையின்றி வாடுகின்றதெனக் கேள்வியுற்றதும் ஆபுத்திரன் கப்பலேறுகின்றான். கொடுக்கப் பழகியவனுக்குப் பசித்தோர் வேண்டும். பசித்தோர் இல்லாத நாடு அவனுக்கு நாடாக இல்லை. இவ்வுண்மையைத் துணிந்து எழுதிய சாத்தனார் கூலவாணிகர் என்று கூறப்படுகின்றார். தானியத்தின் விலையையும் அது யார் கையினின்று யார் கைக்குப் போகின்றது என்பதையும் அறிந்த ஒருவராற்றான் இக்கதையை இவ்வாறு எழுதியிருக்க முடியும் போலும்.

கப்பல் இடைவழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுச் செல்ல, அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் எறிந்துவிட்டு உண்ணாதிருந்து உயிர் விடுகின்றான். மணிபல்லவம் எமது நயினாதீவே எனக் கொள்வோர் பலர். அஃது உண்மையாயின், தமிழிலக்கியத்தின் மிகப் பெரிய நிவாரணப் பாத்திரம் கிடந்த நீர் எமது கரையிற்றான் உள்ளது. எனவே எமது நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவி என்ற பெயரால் நடந்துள்ளவற்றை இக்கதையின் கண்கொண்டு நோக்குவது பொருத்தமற்றதாகாது.

இன்னொன்றையும் முதலிலேயே கூறிவிடுவோம். திருக்குறளின் 23ஆம் அதிகாரம் ஈகை; அதற்கு அடுத்த 24ஆம் அதிகாரம் புகழ். கொடுத்தவனுக்கு உடனே கூலி கிடைத்து விடுகின்றது. பெறுபவனின் பக்கத்தை அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டும்: 105 நல்குரவு, 106 இரவு, 107 இரவச்சம். ஈகையைப் பாடிய அதே புலவர், இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் இவ்வுலகைப் படைத்தவனையே சபிக்கத் துணிகின்றார். அறத்துப்பாலிற் கொடுப்பவனையும் பொருட்பாலிற் பெறுபவனையும் வைத்த நூல் அது. எமது மேடைகளோ முதற்பகுதியோடு நின்றுவிட்டன. பரிசளிப்பு விழாக்களில் ஈகைக் குறள்கள் முழங்குகின்றன. இரவச்சக் குறள்களை அங்கு ஓதியவரை நாம் இதுவரை காணவில்லை.

இனி, கூப்பன் புத்தகத்துக்கு வருவோம்.

1942இல், யுத்த காலத்தில், பர்மாவின் அரிசி தடைப்பட்டபோது இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. அதனைக் கொணர்ந்தோர் ஏழைகளின் நண்பர்களல்லர். யுத்தத்தை நடத்திய குடியேற்ற ஆட்சியினர். எனினும் இந்திரனின் சினம் மழையானது போன்று, அவர்களின் தேவை மக்களுக்கு ஓர் உரிமையாயிற்று. கூப்பன் புத்தகம் அப்புக்காத்தர் வீட்டிலும் இருந்தது. அவர் வீட்டு முற்றத்தைக் கூட்டியவளின் குடிசையிலும் இருந்தது. சங்கக்கடை வரிசையிற் சாதி மறைந்துவிட்டது என நாம் கூறமாட்டோம். அப்படிக் கூறுவது பொய். ஆயினும் சங்கக்கடை மனேச்சர் எவரையும் நோக்கி, நீ வறியவன் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கவில்லை. மனிதப் பிறவியே அத்தாட்சியாக இருந்தது.

அவ்வுரிமையின் வலிமை 1953இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு யூலையில் டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திற்று. நிதியமைச்சராக இருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால். தொழிலாளர் வேலையை நிறுத்தினர், கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் ஏறிக் கூடிற்று. ஒக்டோபரிற் பிரதம மந்திரி பதவி துறந்தார். அரிசி விலையும் ஓரளவு இறக்கப்பட்டது. சுதந்திரம் பெற்று ஆறாண்டுகூட நிறைவெய்தாத காலையில் ஓர் அரசாங்கத்தை அரிசிக் கொத்து அசைத்தது. எதனால்? விலையேற்றம் கூப்பன் வைத்திருந்த ஒவ்வொருவரின் உலையையும் தொட்டமையாலேயே.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின் அதே ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இப்பாடத்தை மறக்காமல் நடந்து கொண்டது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுமெனப் பங்கீடு சுருக்கப்பட்டது. சனத்தொகையின் ஏறக்குறைய அரைவாசி ஒரே எழுத்தில் வெளியேற்றப்பட்டது. 1979இல் எஞ்சியோருக்கும் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக நின்றது, விலைவாசியோ நிற்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அம்முத்திரையால் வாங்கக்கூடிய பண்டம் பாதியாகக் குறைந்தது. இம்முறை ஹர்த்தால் இல்லை. தொழிற்சங்கங்கள் பிளவுண்டிருந்தன, 1980ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தம் கொடுமையாக நசுக்கப்பட்டது என்பனவெல்லாம் உண்மை. ஆனால் அவற்றுக்கு முன்னரே ஒன்று நிகழ்ந்துவிட்டது. வெளியேற்றப்பட்ட பாதி, உள்ளே நின்ற பாதியின் அரிசியைப் பற்றிக் கவலை கொள்ளவேண்டிய காரணம் அற்றுப் போயிற்று.

வேடிக்கை யாதெனில், அதே அரசாங்கமே 1980இற் பாடநூல்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்கிற்று. ஆசிரியர்களாகிய எம்மில் எவரும் இன்றுவரை, எந்தப் பிள்ளையின் கையில் இருப்பது ஏழைப் பாடநூல் எனப் பிரித்தறிந்ததில்லை. அப்புத்தகத்தைப் பெறப் பிள்ளை தலைகுனிந்து வந்ததுமில்லை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவோருக்கு யாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் வந்தவற்றின் பெயர்களைக் கவனிப்போம். 1989இல் பிரேமதாசவின் ஜனசவிய: மக்களின் வலிமை. 1995இல் சந்திரிகாவின் சமுர்த்தி: செழிப்பு. 2023இல் அஸ்வெசும: ஆறுதல். இலக்கியம் பயில்வோர் சொற்களின் வரலாற்றை நோக்கப் பழகியவர்கள். முப்பத்துநான்கு ஆண்டுகளில் அரசாங்கம் வறியவனுக்கு வாக்களித்தது வலிமையிலிருந்து செழிப்புக்கும், செழிப்பிலிருந்து ஆறுதலுக்கும் இறங்கி வந்துள்ளது. ஆறுதல் என்பது இழவு வீட்டிற் சொல்லப்படுவது. ஒருவகையில் இக்கடைசிப் பெயர் மற்றவற்றைவிட நேர்மையானது.

ஜனசவியவின் கணக்கு நினைவிற் கொள்ளத்தக்கது. தெரிவான குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதங்களுக்கு. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. 1,042 ரூபா சேமிப்பில். இரண்டு ஆண்டில் 25,000 ரூபா முதல் சேர்ந்துவிடும், அதனைக் கொண்டு குடும்பம் தன் காலில் நிற்கும் என்பது எண்ணம். எண்ணத்தை நாம் பழிக்கவில்லை. அம்பலத்தை வெறுமையாக்க விரும்பிய திட்டம் என்ற வகையில் அது தனித்து நிற்கின்றது. ஆனால் நிலமில்லாதவன் கையிற் கோழிக் கூட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் போதிய முதலைக் கொடுத்து, முட்டையையும் சட்டையையும் சந்தையில் யாருடன் போட்டியிட்டு விற்பது என்பதை அவனிடமே விட்டுவிட்டால் என்னாகும்? மழை பெய்யவில்லை, மழைக்குப் பதிலாக ஒவ்வொருவனுக்கும் ஒரு குடம் நீர் கொடுக்கப்பட்டது.

சமுர்த்தி மிக விரிவாகப் பரந்தது. பரந்த வேகத்திலேயே கட்சிக்காரர்களின் கைக்குட் சென்றது. மிக வறியோருட் பெருந்தொகையினரை அது தவறவிட்டதையும், தேவையற்றோர் பலரைச் சேர்த்துக் கொண்டதையும் உலக வங்கியின் ஆய்வுகளே எடுத்துக் காட்டின. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலம் பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே நின்றன. காரணம் கேட்டால், அவர்கள் சம்பளம் பெறுவோர்! லயத்து அறையொன்றில் மூன்று தலைமுறை முடங்கிக் கிடந்தாலும், செக்றோலிற் பெயர் உண்டு என்பதால் அவர்கள் வறியோர் அல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குடிமக்களின் பட்டியலிலிருந்து நீக்கிற்று. பின்வந்த திட்டம் ஏழைகளின் பட்டியலிலிருந்தும் நீக்கிற்று.

2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும இக்குறைகளைக் களைவதாகக் கூறி வந்தது. கட்சிக்காரனின் பேனைக்குப் பதிலாக அளவுகோல். கல்வி, சுகநலம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 சுட்டிகள். அவற்றால் அளந்து நிலைமாறுவோர், பாதிக்கப்படக்கூடியோர், வறியோர், மிக வறியோர் என நால்வகை. தொடக்கத்தில் மாதம் முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. பின்னர் இத்தொகைகளுட் சில உயர்த்தப்பட்டன. தொகையில் முந்திய திட்டத்தைவிட இது பெரிது. அதனை மறைப்பது நேர்மையாகாது. மருந்துக்கு வழியற்ற வீட்டில் 8,500 ரூபா என்பது சிறு காரியமன்று.

எமது கண்டனம் தொகை பற்றியதன்று. அந்த விண்ணப்பப் படிவத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பது போன்று படித்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். அதில் ஒரு மனிதன் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றான்? அவனுக்கு என்ன வீடு, எவ்வளவு மின்சாரம், எந்த வாகனம் என்பன உள. அவன் யாரிடம் வேலை செய்தான், எவ்வளவு கூலி மறுக்கப்பட்டது, யாருக்குக் கடன்பட்டிருக்கின்றான், அவனது நிலம் யார் கையில் என்பன இல. விளைவு உண்டு, வினை இல்லை. வன்னியில், போருக்குப் பின் வீட்டுத்திட்டத்திற் கட்டிய கல்வீட்டில், கணவனை இழந்தவளொருத்தி வருமானம் ஏதுமின்றி இருந்தால், அவளுக்காகச் சுவர் பேசுகின்றது. அவள் பேசுவதற்குப் படிவத்தில் இடமில்லை. தன் ஒரேயொரு பசுவைத் தமக்கை வீட்டுத் தொழுவத்திற் கட்டிவிட்டு விசாரணைக்கு வருபவளை ஏமாற்றுக்காரி என்பர். பசுவை மறைக்கவேண்டிய நிலையை உண்டாக்கியது எது என்று கேட்பாரில்லை.

பட்டியல் வெளிவந்த பின்னர் நடந்தது இதனினும் நோக்கத்தக்கது. விடுபட்டோர் மேன்முறையீடு செய்யலாம். அதே வேளையில், தெரிவானவர்மீது எவரும் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. ஆட்சேபனைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. எண்ணிக்கை சிறிதாயினும் அதன் பொருள் சிறிதன்று. வேலிக்கு அப்பால் இருப்பவளின் குளிர்சாதனப் பெட்டியை வேலிக்கு இப்பால் இருப்பவள் கணக்கெடுக்குமாறு அரசாங்கம் முத்திரையிட்டு அழைத்த முறை இது. 1953இல் ஒரே வரிசையில் நின்று ஒரே கல்லை எறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கிராம அலுவலரின் சுவரில் ஒட்டிய தாளின் முன்னின்று ஒருவரையொருவர் நோக்கினர்.

பணக்காரனுக்கும் ஏன் கொடுக்க வேண்டும், வளம் குறைவன்றோ என்பர் பொருளியலார். வாதம் வலிதுதான். பாத்திரம் குறையாததாக இருந்தமையால் ஆபுத்திரனுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. எமது பாத்திரம் குறையும். ஆனால் அது எவ்வாறு குறைந்தது என்று கேட்பது விமரிசகரின் கடமை. 2023இல் அரசாங்க வருவாயில் அரைவாசிக்கும் மேற்பட்டது கடன் வட்டிக்கே சென்றது. அதே ஆண்டு சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்படிக்கை, ஏழைகளின் உதவிக்குக் குறைந்தபட்சம் ஒதுக்கவேண்டிய தொகையென வகுத்ததோ தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழ். வட்டி பெறுவோனிடம் எவரும் 22 கேள்விகளைக் கேட்கவில்லை. செல்வந்தனுக்குக் கொடுத்ததை வரியாகத் திரும்பப் பெறும் வழி அரசாங்கத்துக்குத் தெரியாததுமன்று, துணிவுதான் வேண்டும்.

இனி எம்மையே நோக்குவோம். முற்போக்கு எழுத்தாளர் என்று எம்மை அழைத்துக் கொள்ளும் நாம் இவ்விடயத்தில் என்ன செய்துள்ளோம்? நிவாரண வரிசையைப் பற்றிய கதைகள் எம்மிடம் ஏராளம். ஏழைத் தாய் வரிசையில் நிற்பாள், அதிகாரி சீறுவார், அவள் வெறுங்கையுடன் மீள்வாள், குழந்தை அழும், கதை முடியும். வாசகன் கண்ணீர் சிந்துவான். சிந்தியமைக்காகத் தன்னைத் தானே மெச்சிக் கொள்வான். 23ஐ அடுத்து 24 என்று நாம் முன்னர் காட்டிய அதே ஒழுங்கு. போர்க்காலத்தில் எமது சனங்கள் இடம்பெயர்ந்து உலர் உணவு நிவாரண அட்டையுடன் நின்ற ஆண்டுகளில் இத்தகைய கதைகளுக்கு ஒரு நியாயம் இருந்தது, அவை சாட்சியங்கள். சாட்சியம் சொல்லும் காலம் கடந்த பின்னரும் அதே அச்சில் வார்ப்பது எழுத்தாளனின் சோம்பல். அத்தாய் படிவத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பதையும், கணக்குப் பார்ப்பதையும், அதிகாரியின் பிழையைக் கண்டுபிடிப்பதையும், வேண்டுமாயின் பசுவை ஒளித்து வைப்பதையும் எழுதியவர் எத்தனை பேர்? எமது கதைகளில் வறியவளுக்கு வயிறு உண்டு, மூளை இல்லை. அப்படிவத்துக்கும் எமது கதைகளுக்கும் இவ்வகையில் வேறுபாடு காண்பது அரிது.

ஊரவரே ஒருவருக்கொருவர் உதவும் முறைகள் இல்லையா என்று வினவலாம். உள. மரண உதவிச் சங்கத்தின் கொப்பியை நாம் பார்த்திருக்கின்றோம். பெயர், மாதச் சந்தா, கையொப்பம். ஈவோர், பெறுவோர் என இரண்டு நிரல்கள் அதில் இல்லை. இன்று பெட்டிச் செலவுக்குப் பணம் பெறும் வீடு நேற்றுவரை சந்தா கட்டிய வீடே. அதனாற்றான் அப்பணத்தை வாங்கும் கை நடுங்குவதில்லை. ஆயினும் அத்தகைய சங்கங்களின் எல்லை பல ஊர்களிற் சாதியின் எல்லையாகவே இருந்தது என்பதையும், மரணத்துக்கு உதவிய அளவுக்கு அவை வாழ்வுக்கு உதவவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது தற்புகழ்ச்சியாகும்.

அமுதசுரபி பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்தது. ஆபுத்திரன் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். அரசன் அவளை அழைத்துப் பேசியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள். பாத்திரம் பேசிய இடமன்று அது. ஒரு பெண், அரசின் நிறுவனமொன்றை மாற்றுமாறு கேட்ட இடம். காப்பியத்தில் அதற்கெனத் தனிக் காதையே உண்டு. அதனையும் நாம் வகுப்பில் விரைவாகவே கடந்து விடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், முதியோர் கொடுப்பனவு வழங்கும் நாளொன்றில், தபாற் கந்தோர் வாசலில் வயோதிப மாது ஒருவருடன் உரையாட நேர்ந்தது. அரசாங்கம் வறியோருக்குக் கொடுக்கும் மாதப் பணத்தை எமது ஊர்களிற் பிச்சைச் சம்பளம் என்றே நெடுங்காலம் வழங்கினர். ஏளனமாகச் சொன்னோரும் உண்டு. வேறு சொல் இன்மையாற் சொன்னோரும் உண்டு. நாம் அச்சொல்லைக் குறிப்பிட்டு, அது வருத்தந் தரவில்லையா எனக் கேட்டோம்.

"பிச்சையெண்டு சொல்லுறவை சொல்லட்டும், வாத்தியார். நான் சம்பளம் எடுக்கத்தான் வந்தனான். நாற்பது வரியம் ஆக்களின்ரை புகையிலைத் தோட்டத்திலை நிண்டனான். அதின்ரை மிச்சம் இன்னும் ஆர் தந்தது?"

கையிலிருந்த துண்டை மடித்து மடியிற் செருகிக்கொண்டு, தமக்கு முன் யார் நிற்கின்றார் என்று பார்த்துவிட்டு, அவர் மறுபடியும் வரிசையிற் சேர்ந்து கொண்டார்.